காற்றைக் கட்டிய கைத்துப்பாக்கிகள்

தபால் தலை சேகரிப்பவர்களை நாம் எல்லோரும் அறிவோம். பழைய நாணயங்களைத் தேடி அலைகிறவர் ஊருக்கு ஒருவராவது இருக்கிறார். தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்து, அதற்காக வகுப்பில் உதை வாங்காத சிறுவனும் ஒரு காலத்தில் அபூர்வமாகத்தான் இருந்தான். ஆனால் கைத்துப்பாக்கிகளை ஒருவர் சேகரிக்கிறார் என்று கேள்விப்பட்டால் நமக்கு என்ன தோன்றும்? "இந்த மனுஷருக்கு வேறு வேலை இல்லையா?" என்று தோன்றும், அல்லது, "இவர் வீட்டுப் பக்கம் தலை வைத்துப் படுக்கக் கூடாது" என்று தோன்றும்.

2014-ம் வருஷம் ஆசிரியர்கள் சிலரோடு நாம் இங்கிலாந்துக்குக் கல்விப் பிரயாணம் சென்றிருந்தோம். பர்மிங்ஹாம் நகரில் ஒரு வாரம் தங்க நேர்ந்தது. தங்கியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில் எண்பத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் தனியாக வசித்து வந்தார். யந்திரக் கருவிகள் செய்யும் தொழிலில் ஐம்பது வருஷம் உழைத்து ஓய்வு பெற்றவர். நாம் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் கற்பிக்கிறோம் என்று அறிந்ததும் அவருக்கு ஒரே உற்சாகம். "என்னிடம் காற்றினால் சுடும் கைத்துப்பாக்கிகள் இருபத்து மூன்று இருக்கின்றன. பார்க்க வருகிறீர்களா?" என்று அழைத்தார். மறுக்க மனம் வரவில்லை. போகவும் மனம் அவ்வளவாக ஒப்பவில்லை. கடைசியில் போனோம். ஒரு மணி நேரம் என்று சொல்லிப் போனவர்கள் விளக்கேற்றும் நேரத்துக்குத்தான் திரும்பினோம்.

மூங்கில் குழாயின் வம்சம்

காற்றுத் துப்பாக்கியின் தத்துவம் நம் கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மூங்கில் குழாயின் ஒரு முனையில் சிறு காய் ஒன்றை அடைத்து, மறு முனையில் இன்னொரு காயை வைத்துக் குச்சியால் தள்ளுவார்கள். நடுவில் அகப்பட்ட காற்று நெருக்குண்டு, 'டப்' என்ற சத்தத்தோடு முன்னால் இருக்கும் காயை வெளியே தள்ளும். துப்பாக்கியிலும் நடப்பது இவ்வளவுதான். குச்சிக்குப் பதிலாக ஒரு பிஸ்டன். பையனுடைய கைபலத்துக்குப் பதிலாக ஓர் எஃகு ஸ்பிரிங். காய்க்குப் பதிலாக இடை சிறுத்த ஈயக் குண்டு. வெடிமருந்து இல்லை; புகை இல்லை; நெருப்பும் இல்லை.

காற்றை விளையாட்டுப் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. 1780-ம் வருஷத்தை ஒட்டி ஆஸ்திரியச் சேனையில் ஜிரார்டோனி என்பவர் அமைத்த நீண்ட காற்றுத் துப்பாக்கிகள் யுத்த ஆயுதமாகவே வழங்கின. 1803-ல் அமெரிக்காவின் மேற்குப் பகுதிகளை ஆராயப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் கோஷ்டியாரும் ஒரு காற்றுத் துப்பாக்கியைக் கையோடு கொண்டுபோய், வழியில் சந்தித்த பழங்குடி மக்களுக்குச் சுட்டுக் காட்டி வியப்பூட்டினார்கள். அவையெல்லாம் பம்பினால் முன்கூட்டியே காற்றை அடைத்து வைத்த கலங்களால் இயங்கியவை. நம் பெரியவர் சேகரித்தவையோ ஸ்பிரிங்கினால் இயங்கும் சிறு கைத்துப்பாக்கிகள்; இருபதாம் நூற்றாண்டின் குழந்தைகள்.

சட்டம் பெற்ற பிள்ளை

பெரியவர் முதலில் எடுத்துக் காட்டியது வெப்ளி அண்டு ஸ்காட் கம்பெனியார் 1924-ல் வெளியிட்ட முதல் மாதிரி. கனத்த எஃகு, வாதுமை மரத் தகடு பதித்த கைப்பிடி. 'வெப்ளி' என்ற பெயரைக் கேட்டதும் நமக்குச் சுரீரென்றது. நம் தேசத்தில் வெள்ளைக்கார ராணுவ அதிகாரிகளின் இடுப்பில் தொங்கிய ரிவால்வருக்கும் அதுவே பெயர் அல்லவா? 1887 முதல் பிரிட்டிஷ் சேனைக்கு ரிவால்வர் செய்து கொடுத்த அதே கம்பெனிதான், பர்மிங்ஹாம் வீமன் வீதியில் இந்தக் காற்றுத் துப்பாக்கியையும் செய்தது.

ரிவால்வர் செய்தவர்கள் காற்றுக்கு ஏன் வந்தார்கள்? அங்கேதான் சுவையான விஷயம் இருக்கிறது. முதல் உலக யுத்தம் முடிந்தது. சேனையின் கொள்முதல் சுருங்கியது. 1920-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. சாதாரணக் குடிமகன் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளப் போலீஸாரின் அத்தாட்சிப் பத்திரம் வேண்டும் என்று ஆயிற்று. காற்றுத் துப்பாக்கிக்கோ அந்தப் பத்திரம் தேவைப்படவில்லை. ஆகவே, தோற்றத்திலும் கனத்திலும் மெய்யான கைத்துப்பாக்கியைப் போலவே இருந்து, கொல்லையில் அட்டைக் குறியை மட்டும் துளைக்கும் ஒரு கருவிக்குச் சந்தை திறந்துகொண்டது. சட்டம் ஒரு கதவை அடைத்தால் தொழிலாளியின் மூளை ஜன்னலைத் தேடிப் பிடித்துவிடுகிறது!

அதன் அமைப்பைப் பெரியவர் பிரித்து விளக்கினார். கைத்துப்பாக்கி குட்டையாக இருக்க வேண்டும். ஆனால் குண்டு நேராகச் செல்லக் குழாய் நீளமாக இருக்க வேண்டும். ஸ்பிரிங்குக்கும் இடம் வேண்டும். இம்மூன்றையும் எப்படிப் பொருத்துவது? ஜான்ஸ்டன், ஃபியர்ன் என்ற இருவர் கண்ட வழி இது. ஸ்பிரிங் உள்ள உருளையைக் கீழேயும், குண்டு செல்லும் குழாயை அதன் மேலேயும் அடுக்கிவிட்டார்கள். குழாயின் முன்முனை கீலில் மாட்டியிருக்கிறது. பின்முனையிலுள்ள கொக்கியை விடுவித்து, குழாயை மேலே தூக்கி முன்புறமாக மடக்கினால், அதனோடு இணைந்த தண்டு பிஸ்டனை முன்னோக்கி இழுத்து ஸ்பிரிங்கை அமுக்குகிறது. பிறகு குண்டை வைத்துக் குழாயை மூட வேண்டும். விசையை அழுத்தினால் பிஸ்டன் பின்னோக்கிப் பாய்கிறது! நெருக்குண்ட காற்று வளைந்து மேலே ஏறிக் குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டன் ஒரு திசையிலும் குண்டு மறு திசையிலும் ஓடும் இந்த ஏற்பாட்டைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்ட நமக்குக் கை துறுதுறுத்தது.

இந்த அமைப்பு மிகவும் வெற்றி பெற்றது. 1929-ல் 'ஜூனியர்', 1930-ல் 'சீனியர்', 1964-ல் 'பிரீமியர்' என்று வரிசையாகப் பல மாதிரிகள் வந்தன. பர்மிங்ஹாமில் அந்தத் தொழிற்சாலை 2005-ம் வருஷக் கடைசியில் மூடப்படும் வரையில், ஏறக்குறைய எண்பது வருஷம், அடிப்படை ஏற்பாடு மாறவில்லை. ஒரு யந்திரத்துக்கு இது சிரஞ்சீவிப் பட்டம் கொடுக்கக்கூடிய ஆயுள்.

ஒரு நகரம், ஒரு அலமாரி

"நான் எல்லாவற்றையும் வாங்குவதில்லை. இந்த நகரத்தில் பிறந்தவற்றை மட்டுமே வாங்குவேன்" என்றார் பெரியவர். சேகரிப்புக் கலையின் முதல் சூத்திரம் இதுதான் என்று நமக்குப் பட்டது. எல்லை வகுத்துக்கொள்ளாத சேகரம் சேகரமாகாது. அது பழைய சாமான் கடை. ஒருவர் ஒரே கம்பெனியின் மாதிரிகளைச் சேர்க்கலாம்; ஒருவர் ஒரே வகை இயக்கத்தைச் சேர்க்கலாம்; இவரோ தம் ஊரைச் சேர்த்தார்.

அந்த ஒரே ஊருக்குள் எத்தனை வகை! எட்வின் ஆன்ஸன் என்பவர் 1907-ல் பதிவு செய்த அமைப்பைக் கொண்டு வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் கம்பெனியார் செய்த 'ஹையஸ்ட் பாஸிபிள்' என்ற துப்பாக்கி ஒன்று. மிக அபூர்வமானது. பிராங்க் கிளார்க் என்பவரின் 'டைட்டன்' ஒன்று. 1930-களில் ஆக்கிள்ஸ் அண்டு ஷெல்வோக் கம்பெனியார் செய்த 'வாரியர்' ஒன்று. இதன் நெம்புகோல் பக்கவாட்டில் இருக்கிறது. இதே கம்பெனியார் கசாப்புச் சாலைகளில் மிருகங்கள் வேதனையின்றி உணர்விழக்கச் செய்யும் கருவியைத் தயாரித்ததற்காகவும் பெயர் பெற்றவர்கள். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவர்களே 'அக்வோக்' என்று இன்னொன்றும் வெளியிட்டார்கள்.

எல்லைக்கு வெளியே இருப்பதையும் அறிந்தால்தான் எல்லைக்குள் இருப்பதன் அருமை தெரியும். ஆகையால் மற்ற ஊர்களின் படங்கள் அடங்கிய புத்தகங்களும் அவரிடம் இருந்தன. ஸர்ரே ஜில்லாவில் ஹாரிங்டன் கம்பெனியார் 1937 முதல் செய்த 'காட்' என்ற மலிவுத் துப்பாக்கி, அந்நாட்டுச் சிறுவர்கள் பல தலைமுறையாகக் கையில் பிடித்த முதல் துப்பாக்கி. குழாயையே உள்ளே தள்ளி அதைத் தயார் செய்ய வேண்டும், தக்கையைக்கூடச் சுடும். ஜெர்மனியிலோ, வெர்சேல்ஸ் உடன்படிக்கை ஆயுதத் தொழிலின் கையைக் கட்டியிருந்த காலத்தில், ஸூல் நகரத்து ஹேனல் கம்பெனியார் 1928-ல் ஒரு காற்றுத் துப்பாக்கியை வெளியிட்டார்கள். பார்வைக்கு அது ஜெர்மன் சேனையின் பிரசித்தி பெற்ற லூகர் பிஸ்டலின் இரட்டைப் பிள்ளை. அதை அமைத்தவர் யந்திரத் துப்பாக்கிகளால் பெயர் பெற்ற ஹ்யூகோ ஷ்மைஸர்.

இவற்றில் சினிமாப் புகழ் அடைந்தது ஒன்று உண்டு. ஜேம்ஸ் பாண்டு கதைகளில் இரண்டாவதாக வந்த 1963-ம் வருஷத்துப் படத்துக்கு விளம்பரப் புகைப்படம் எடுக்க ஷான் கானரி வந்து நின்றார். கதாநாயகனுடைய துப்பாக்கியைக் கொண்டு வர மறந்துவிட்டார்கள். புகைப்படக்காரர் டேவிட் ஹர்னுக்குக் குறி பார்த்துச் சுடும் பொழுதுபோக்கு உண்டு. அவர் தம்முடைய வால்த்தர் காற்றுத் துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். உலகத்தையே நடுங்க வைத்த ரகசிய உளவாளி விளம்பரப் படங்களில் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்பது, கொல்லையில் அட்டையைச் சுடும் கருவிதான்! அந்தத் துப்பாக்கி 2010-ல் லண்டன் கிறிஸ்டி ஏலத்தில் இரண்டு லட்சத்து எழுபத்தேழாயிரம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. அதே மாதிரியில் அதே காலத்தில் செய்த மற்ற துப்பாக்கிகளுக்கு அதில் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. இரும்பு ஒன்றுதான், வித்தியாசமெல்லாம் கதையில் இருக்கிறது.

மெருகேற்றிய துப்பாக்கி

இருபத்து மூன்றில் இருபத்திரண்டைக் காட்டிவிட்டுப் பெரியவர் சற்றுத் தயங்கினார். பிறகு கீழ் இழுப்பறையிலிருந்து கடைசித் துப்பாக்கியை எடுத்து மேஜை மேல் வைத்தார். அது பளபளவென்று கண்ணாடி போல் மின்னிற்று. மற்ற எல்லாவற்றையும்விட அழகாக இருந்தது. "இதுதான் சேகரத்தின் மணிமுடி போலும்!" என்றோம்.

"இதற்குச் சந்தையில் மதிப்பே இல்லை. கெடுத்தவன் நான்" என்றார் அவர்.

அவர் தகப்பனார் 1926-ல் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வெப்ளி அது. துப்பாக்கிப் பேட்டையில் வேலை பார்த்த அந்த மனிதர், கைப்பிடியின் அடிப்பாகத்தில் தம் பெயரின் முதல் இரண்டு எழுத்துக்களையும் வாங்கிய தேதியையும் ஊசியால் கீறி வைத்திருந்தார். 1948-ல் தகப்பனார் காலமானார். பதினாறு வயதுப் பையனுக்குத் துப்பாக்கி வந்தது. பழுப்பேறி, அங்கங்கே துருப் புள்ளி விழுந்திருந்தது. "அப்பாவின் துப்பாக்கி புதிது போல் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். எமரித் துணியால் மூன்று நாள் தேய்த்தேன். பிறகு பட்டறைச் சக்கரத்தில் மெருகிட்டு, மறுபடி நீலச் சாயம் ஏற்றினேன். எவ்வளவு பளபளப்பு! வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். அவள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'அவருடைய எழுத்து எங்கே?' என்று கேட்டாள்."

அவர் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. கம்பெனியின் முத்திரை எழுத்துக்கள் மழுங்கி, சோப்புக் கட்டியில் தேய்ந்த எழுத்துப் போல் இருந்தன. ஊசிக் கீறல் இருந்த இடம் முகம் பார்க்கலாம் போல் வழவழத்தது.

நம் வீடுகளில் நடப்பதும் இதுதானே? பித்தளைப் பாத்திரத்தைப் புளியிட்டு விளக்குவது நல்ல வழக்கம். அதே கையோடு, பாட்டியின் கலியாணத்துக்கு வந்த குடத்தின் கழுத்தில் பொறித்திருக்கும் பெயரையும் வருஷத்தையும் தேய்த்துத் தேய்த்து மறைத்துவிடுகிறோம். பாத்திரம் பளிச்சென்று இருக்கும். அது யாருடையது என்று சொல்ல மட்டும் அதற்கு வாய் இராது.

பெரியவர் சொன்ன முறைகள்

அந்த மூன்று நாள் தவறுக்குப் பிராயச்சித்தமாகத்தான் மற்ற இருபத்திரண்டும் சேர்ந்தன என்று நினைக்கிறோம். அவர் கைக்கொண்ட முறைகள் எந்தப் பழம்பொருளைச் சேர்ப்பவருக்கும் உதவும்.

வாங்குமுன் முதலில் திருகாணிகளைப் பார்க்க வேண்டும். திருகாணித் தலையின் வெட்டு சிதைந்திருந்தால், பொருந்தாத திருப்புளியால் அவசரக்காரர் ஒருவர் பிரித்திருக்கிறார் என்று அர்த்தம். உள்ளே என்ன அலங்கோலம் செய்தாரோ! அடுத்தபடி முத்திரை எழுத்துக்களின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். கூர்மையாக இருந்தால் மேல் பூச்சு பழையது. மழுங்கியிருந்தால் யாரோ மெருகிட்டிருக்கிறார்கள். பூச்சு புத்தம் புதிதாக இருந்து எழுத்து மட்டும் தேய்ந்திருந்தால் பணப்பையைத் திறக்கவே கூடாது. பிறகு குழாயின் உட்புறம், குறி பார்க்கும் முனைகள், கைப்பிடித் தகடுகளின் விரிசல் எல்லாவற்றையும் சோதிக்க வேண்டும். வரிசை எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அட்டைப் பெட்டி, உபயோகக் குறிப்புத் தாள், குண்டு வைத்திருந்த தகர டப்பி ஆகியவற்றைக் குப்பை என்று எறியக் கூடாது. துப்பாக்கியை ஆயிரக்கணக்கில் செய்தார்கள், எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். பெட்டியையோ முதல் மாதத்திலேயே அடுப்பில் போட்டார்கள். ஆகையால் இன்றைக்குத் துப்பாக்கியைவிடப் பெட்டிதான் கிடைப்பது அருமை.

காற்று உருளைக்குள் கண்ட எண்ணெயையும் விடக் கூடாது. பிஸ்டன் பாயும்போது காற்று ஒரு கணத்தில் நெருக்குண்டு கொதிக்கிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்து அழுத்தினால் சுடுவதை நாம் அறிவோம். அதைப் பல மடங்காக நினைத்துக்கொள்ளலாம். அந்த உஷ்ணத்தில் எண்ணெய் ஆவி தீப்பற்றி வெடிக்கும். ஸ்பிரிங்கும் தோல் வளையமும் கெடும். குண்டு வைக்காமல் வெறுமே சுடுவதும் கூடாது. முன்னால் குண்டு தடுக்காதபோது நடுவில் மெத்தை போல் நிற்க வேண்டிய காற்று தப்பிவிடுகிறது. பிஸ்டன் நேராகச் சென்று இரும்பில் மோதுகிறது.

வெளிப்புறத்துக்கு மெல்லிய எண்ணெய்த் துணியோ, பொருட்காட்சிச் சாலைகளில் வழங்கும் நுண்படிக மெழுகோ போதும். கையின் வியர்வையே துருவுக்கு விதை. அதனால் பருத்திக் கையுறை. தோல் உறையில் போட்டு வைப்பது பார்வைக்கு அழகு. ஆனால் தோல் ஈரத்தை இழுத்து வைத்து இரும்பைத் தின்றுவிடும். ஸ்பிரிங் முறிந்து புதியது போட்டால், பழையதை எறியாமல் உறையில் இட்டு, தேதி எழுதி, பெட்டியிலேயே வைத்துவிட வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதி வைக்க வேண்டும். அவரிடம் ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் இருந்தது. துப்பாக்கி ஒன்றுக்கு ஒரு தாள். யாரிடம் வாங்கியது, என்ன விலை, அந்த வீட்டார் சொன்ன கதை, எதைப் பழுது பார்த்தோம், எதைத் தொடாமல் விட்டோம் என்று மணிமணியான எழுத்தில் இருந்தது. கடைசித் துப்பாக்கியின் தாளில், எந்தத் தவறையும் மறைக்காமல், எமரித் துணி உள்பட எல்லாம் எழுதியிருந்தார்.

காந்தி தேசத்தாரின் கேள்வி

தேநீர் வந்தது. நம் மனத்தை உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டோம். "ஐயா, நாங்கள் காந்தியடிகள் பிறந்த தேசத்தார். 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் எங்களவரை உரிமைச் சீட்டின்றி ஆயுதம் தொடக் கூடாது என்று தடுத்தது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. அந்த அநீதியைக் காந்தியடிகளே கண்டித்தார். ஆனால் ஆயுதத்தின் மேல் ஆசைப்பட வேண்டாம் என்று சொன்னவரும் அவரே. துப்பாக்கியைப் பார்த்து மகிழ்வது எங்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கிறது."

பெரியவர் கோபிக்கவில்லை. "எங்கள் ஊருக்கும் அந்தச் சங்கடம் பழையதுதான்" என்று சொல்லி ஒரு கதை கூறினார். பதினெட்டாம் நூற்றாண்டில் பர்மிங்ஹாம் துப்பாக்கிகள் கப்பல் கப்பலாக மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போயின. அடிமை வியாபாரத்தில் மனிதருக்கு விலையாக மாறின. அந்த ஊரில் பெரிய துப்பாக்கித் தொழிலதிபராக இருந்த ஸாமுவேல் கால்டன் என்பவர், யுத்தத்தையே பாபம் என்று விலக்கிய குவேக்கர் சமயத்தைச் சேர்ந்தவர். 1795-ல் அச்சபையார் அவரைக் கேள்வி கேட்டார்கள். தாம் செய்வதில் தவறில்லை என்று அவர் வாதாடினார். அடுத்த வருஷம் அவரைச் சபை விலக்கிவிட்டது. காந்தியடிகள் 1931 அக்டோபரில், வட்ட மேஜை மகாநாட்டுக்கு வந்த சமயம், பர்மிங்ஹாமில் தங்கியதும் அந்தக் குவேக்கர்கள் நடத்திய வுட்புரூக் கல்வி நிலையத்திலேதான்.

"மனிதனைச் சுடாத துப்பாக்கிகளாகப் பார்த்துத்தான் நான் சேர்த்தேன்" என்று முடித்தார் பெரியவர். அந்தப் பதில் நம்மை முழுவதும் திருப்தி செய்தது என்று சொல்ல முடியாது. காற்றுத் துப்பாக்கியும் கண்ணைப் பறிக்கக் கூடியது. மிக அருகிலிருந்து உயிரையும் போக்கக் கூடியது. அதை அவரும் மறந்தவரல்லர். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போதெல்லாம், ஐந்து நிமிஷத்துக்கு முன் பார்த்ததானாலும், குழாயைத் திறந்து உள்ளே குண்டு இல்லை என்று நமக்கும் காட்டினார். ஸ்பிரிங் ஏற்றிய நிலையில் எதையும் வைக்கவில்லை. அலமாரிக்குப் பூட்டு இரண்டு. சிறுவர் கைக்கு எட்டாதபடி வைக்க வேண்டும் என்று 2011 முதல் அந்நாட்டுச் சட்டமும் கட்டளையிடுகிறது. ஈயக் குண்டைத் தொட்ட கையைக் கழுவாமல் பிஸ்கோத்தைத் தொடவும் அவர் விடவில்லை. ஈயம் விஷம் அல்லவா?

நம் நாட்டில் யாருக்கேனும் இந்த ஆசை பிறந்தால், முதல் வேலையாகச் சட்டத்தை விசாரித்துக்கொள்ள வேண்டும். 1878-ம் வருஷச் சட்டம் போய் 1959-ல் சுதந்திர இந்தியாவின் ஆயுதச் சட்டம் வந்தது. அதன் கீழ் 2016-ல் ஏற்பட்ட விதிகள் காற்றுத் துப்பாக்கிகளையும் அவற்றின் சக்தியையும் குழாய் அளவையும் கொண்டு தரம் பிரித்திருக்கின்றன. பரண் மேல் கிடைத்தது என்று சொல்லிப் பழைய துப்பாக்கியை விசாரியாமல் விற்பதும் வாங்குவதும் கூடாது.

காற்றுக் கைத்துப்பாக்கி இன்று வெறும் பழம்பொருளும் அன்று. 1965-ல் ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பௌ கம்பெனியார், சுடும்போது கை உதறாத மாதிரி ஒன்றை அமைத்தார்கள். அதன் பிறகு பத்து மீட்டர் போட்டி உலக அரங்கேறியது. 1988-ல் ஸியோல் ஒலிம்பிக்கிலும் இடம் பெற்றது. 2024-ல் பாரிஸில் நம் மனு பாக்கர் வெண்கலப் பதக்கம் பெற்றது இந்தப் போட்டியிலேதான். ஆயுதம் தொடக் கூடாது என்று தடுக்கப்பட்ட தேசத்தின் பெண், ஒருவரையும் நோகச் செய்யாமல் காகிதத்தின் நடுவைத் துளைத்து, நம் கொடியை ஏற்றுவித்தாள். பெரியவர் இருந்திருந்தால் நமக்கு வாழ்த்து எழுதியிருப்பார்.

இருபத்து மூன்று தாள்கள்

2017-ல் அவர் காலமானார். அவருடைய மகள் நமக்குக் கடிதம் எழுதியிருந்தார். சேகரத்தை அப்படியே ஏற்க யாரும் முன்வரவில்லை. அவருக்கும் சிறிய வீடு; பூட்டிய அலமாரிக்கு இடமில்லை. போலீஸாரிடம் ஒப்படைத்தால் நசுக்கி உருக்கிவிடுவார்களே என்று பயந்தார். கடைசியில் ஏலத்துக்கு அனுப்பினார். ஐம்பது வருஷம் ஒரே அலமாரியில் இருந்தவை ஒரே பிற்பகலில் நாலா திசையிலும் சிதறிப் போயின.

ஆனால் தகப்பனார் ஓர் ஏற்பாடு சொல்லிவிட்டுப் போயிருந்தாராம். நோட்டுப் புத்தகத்தின் தையலைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் அந்தந்தத் துப்பாக்கியின் பெட்டியில் வைக்க வேண்டும் என்று. மகள் அப்படியே செய்தார். சில மாதங்கள் கழித்து, 'வாரியர்' துப்பாக்கியை வாங்கிய யாரோ ஒருவர் ஏல ஸ்தாபனத்தின் மூலம் அவருக்கு நன்றி எழுதியிருந்தார். ஸ்பிரிங் எந்த வருஷம் மாற்றப்பட்டது என்று தாளில் படித்ததாகவும், தாமும் அதன் கீழே ஒரு வரி எழுதியிருப்பதாகவும் அதில் இருந்தது.

ஏலத்துக்குப் போகாதது ஒன்றே ஒன்று. மெருகேற்றிய அந்த 1926-ம் வருஷத்துத் துப்பாக்கியை மகள் தாமே வைத்துக்கொண்டார். அதற்கு விலை கேட்டவரும் இல்லை. அவர் விலை சொல்லவும் இல்லை.

கடிதத்தைப் படித்த அன்று நம் வீட்டுப் பரணிலிருந்து பாட்டியாரின் பித்தளைக் குடம் விளக்குவதற்காக இறங்கியிருந்தது. கழுத்தில் பாதிப் பெயர் இன்னும் தெரிந்தது. வருஷத்தின் கடைசி இரண்டு எண்கள் போய்விட்டன. வயதான அத்தையார் ஒருத்திக்குத்தான் அவை நினைவிருந்தன. கேட்டு, ஒரு தாளில் எழுதி, மடித்துக் குடத்துக்குள் போட்டோம்.